ஆற்றல் வரும் வேளை

சுவர்க் கடிகாரத்தில் போடுகிற பென்சில் பேட்டரி இரண்டில், வாங்கிய அன்று, ஏறத்தாழ 27,000 ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் புழங்கிய சிசி2420 என்னும் வானொலிச் சில்லு, யாராவது ஏதாவது அனுப்புகிறார்களா என்று காத்துக் கேட்டிருப்பதற்கு மட்டும் 60 மில்லிவாட்டுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும். செய்தி அனுப்பும்போது எடுப்பதைவிட இது கொஞ்சம் அதிகம். வகுத்துப் பார்த்தால் ஐந்து நாட்களில் பேட்டரி தீர்ந்துவிடும். அதே சில்லை நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழிக்கச் செய்தால், காகிதத்தில், ஒன்றரை ஆண்டை நெருங்கும். வெப்பம், அதிர்வு போன்றவற்றை அளந்து வானொலி வழியே சொல்லும் சிறு கருவிகளின் கூட்டமான கம்பியில்லா உணரி வலையமைப்புகளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த வகுத்தல் கணக்கில் வந்து நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

1990-களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிறிஸ் பிஸ்டர் 'ஸ்மார்ட் டஸ்ட்' என்ற பெயரில் ஒரு கனவை முன்வைத்தார். உணரியும் கணினியும் வானொலியும் சேர்ந்த ஒரு கணு தூசி அளவுக்குச் சுருங்கும் என்பதும், அத்தகைய கணுக்களை வயலிலும் காட்டிலும் கட்டடத்திலும் தூவிவிட்டால் அவை தம்முள் செய்தியைக் கைமாற்றி அடித்தள நிலையத்துக்குக் கொண்டுசேர்க்கும் என்பதும் அந்தக் கனவு. சில்லுகள் உண்மையிலேயே சுருங்கின. பேட்டரி அந்த வேகத்தில் சுருங்கவில்லை. 2002 கோடையில் அமெரிக்காவின் மெய்ன் கடற்கரைக்கு அப்பால் உள்ள கிரேட் டக் தீவில், ஸ்டார்ம் பெட்ரல் என்னும் சிறு கடற்பறவைகளின் வளைகளிலும் அவற்றைச் சுற்றியும் பெர்க்லி ஆய்வாளர்கள் 32 கணுக்களை வைத்தார்கள். அந்தப் பறவை முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கும் நாட்களில் மனிதர் வந்து தொந்தரவு செய்தால் வளையையே கைவிட்டுப் போய்விடக்கூடியது. ஆகவே பேட்டரி மாற்றப் போவது என்பது செலவுக் கணக்கு மட்டுமாக இல்லை; அளக்க வந்த வாழ்க்கையையே அது கலைத்துவிடும். பேட்டரியை நம்பாமல், கணு இருக்கும் இடத்திலேயே கிடைக்கும் ஒளி, வெப்பம், அதிர்வு, வானொலி அலை ஆகியவற்றிலிருந்து மின்னாற்றலை எடுக்க வேண்டும் என்ற விருப்பத்தின் வேர் இப்படிப்பட்ட இடங்களில் இருக்கிறது.

எங்கே எவ்வளவு கிடைக்கும் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நண்பகல் வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டர் சோலார் தகடு 10 முதல் 15 மில்லிவாட் தரும். அதே தகட்டை அலுவலக அறைக்குள் கொண்டுவந்தால் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சரிந்து 10 மைக்ரோவாட் அளவில் நிற்கும். ஆலை இயந்திரத்தின் அதிர்வில், ஒரு கன சென்டிமீட்டர் பருமனுள்ள கருவிக்கு நூறு மைக்ரோவாட் அளவில் எதிர்பார்க்கலாம். உடல் சூட்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து மைக்ரோவாட். வானொலி அலைகள் கடைசி வரிசையில் இருக்கின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் நகரின் 270 சுரங்க ரயில் நிலையங்களின் வாசலிலும் நின்று அளந்து 2013-இல் வெளியிட்ட கணக்கில், எந்த ஒரு கைப்பேசி அலைவரிசையிலும் சராசரி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 நானோவாட்டை எட்டவில்லை. லண்டன் போன்ற நெரிசலான நகரத்தின் தெருமுனையில் நிலைமை இது. காற்றில் மிதக்கும் வைஃபையை வைத்தே எல்லா உணரிகளையும் ஓட்டிவிடலாம் என்று முதலீட்டாளர்களிடம் வாக்களிப்பவர்கள் அந்த அளவீட்டை ஒருமுறை படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

இந்தப் பட்டியலைக் கருத்தரங்குகளில் முதல் படமாகக் காட்டுவது வழக்கம். எனக்கு அதில் நீண்ட நாளாக ஒரு மனக்குறை உண்டு. எந்த மூலத்திலிருந்து எவ்வளவு வரும் என்று அது சொல்கிறது. எப்போது வரும் என்று சொல்வதில்லை. உணரி எப்போது விழித்திருக்க வேண்டும் என்பதையும் அது கேட்பதில்லை. ஓர் உணரியைச் சூழலின் ஆற்றலில் ஓட்டுவது எளிதா கடினமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டு வேளைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே என்று நான் கருதுகிறேன்.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையில் வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர். மோட்டாரின் மேலுறையில் அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியை நான் பொருத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏனுங் தம்பி, மோட்டாரு ஓடாதப்ப இதுக்குக் கரண்டு எங்கிருந்துங்க வரும்?" என்று கேட்டார். வராது என்றேன். சிறிது யோசித்துவிட்டு, "ஓடாத மோட்டார்ல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது, அதும் சரிதானுங்க" என்று அவரே முடித்துவிட்டார். அவர் கேள்வியிலும் விடையிலும் இந்தத் துறையின் பாதி அடங்கிவிடுகிறது. மோட்டாரின் தாங்கி (பேரிங்) தேய்கிறதா என்று அறிய வேண்டியது மோட்டார் ஓடும்போது. அதிர்வு இருப்பதும் அப்போதுதான். அளக்கவேண்டிய நிகழ்வே ஆற்றலையும் கொண்டுவந்து தருகிறது. இடையில் பெரிய சேமிப்பு எதுவும் தேவையில்லை.

அதிர்விலிருந்து ஆற்றல் எடுக்கும் 'அதிர்வு அறுவடை' இந்தக் காரணத்தால்தான் ரயில்களில் வேரூன்றியது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து 2004-இல் கிளைத்த பெர்பெச்சுவம் நிறுவனம், ரயில் சக்கரங்களின் தாங்கிகளுக்கு அருகே பொருத்தும் கம்பியில்லா உணரிகளை உருவாக்கியது. தண்டவாளத்தில் சக்கரம் உருளும் குலுக்கலில் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றுக்கொன்று அசைந்து மின்சாரம் தருகின்றன. அந்த மின்சாரத்தைக் கொண்டு தாங்கியின் வெப்பநிலையும் அதிர்வும் அளக்கப்பட்டுச் செய்தியாகச் செல்கின்றன. ரயில் பணிமனையில் நிற்கும் இரவில் உணரி உறங்கினால் யாருக்கும் நட்டமில்லை. 2021-இல் ஹிட்டாச்சி ரயில் நிறுவனம் பெர்பெச்சுவத்தை வாங்கிக்கொண்டது. இதே பொருத்தம் மின்விளக்கு ஸ்விட்சிலும் இருக்கிறது. சீமென்ஸிலிருந்து 2001-இல் பிரிந்த ஜெர்மனியின் என்ஓஷன் நிறுவனம், விரலால் அழுத்தும் அந்த ஒரு அசைவிலிருந்தே நூறு இருநூறு மைக்ரோஜூல் எடுத்து, சுவருக்குள் கம்பி இழுக்காமல், பேட்டரியும் இல்லாமல், விளக்குக்குச் செய்தி அனுப்பும் ஸ்விட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. யாரும் அழுத்தாத வேளையில் அந்த ஸ்விட்சு சொல்லவேண்டியது ஒன்றுமில்லை. அழுத்தும் வேளையில் ஆற்றலும் வந்துவிடுகிறது. நீராவிக் குழாயின் சூட்டில் இயங்கி அந்தக் குழாயையே கண்காணிக்கும் வெப்பமின் உணரிகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவை.

நூற்பாலையில் கண்ட ஒரு நுணுக்கத்தையும் சொல்லவேண்டும். அதிர்வுக் கருவிகள் ஒத்ததிர்வில் இயங்குபவை. உள்ளே இருக்கும் நிறையும் வில்லும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். அதைவிட்டு விலகினால் விளைச்சல் செங்குத்தாகச் சரியும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆனதால், மோட்டாருக்குள் காந்தப்புலம் இழுத்துவிடும் அதிர்வு 100 ஹெர்ட்ஸில் இருக்கும், அமெரிக்காவில் 120. ஆகவே ஒரே கருவியை இரண்டு நாடுகளுக்கும் இரண்டு விதமாகச் செய்து விற்கிறார்கள். நம் மின்தொகுப்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையுள்ள எல்லைக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. அந்தச் சிறு ஊசலாட்டத்தைக்கூடச் சுருதி மிகக் கூரான கருவி உணரும். அதைவிடப் பெரிய சிக்கல், இப்போது பல ஆலைகளில் மோட்டார்களை வேகமாற்றிகள் ஓட்டுகின்றன என்பது. வேகம் தேவைக்கேற்ப மாறும்போது 100 ஹெர்ட்ஸ் என்ற பிடிமானமே போய்விடுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த கருவி, அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்க வந்த கருவியைப் பட்டினி போடுவதை அங்கே நேரில் பார்த்தேன். அகன்ற அதிர்வெண் வீச்சில் இயங்கும் கருவிகளுக்கான ஆராய்ச்சி இதனால்தான் இத்தனை தீவிரமாக நடக்கிறது.

சூரிய ஒளியில் வேளைப் பொருத்தம் இப்படி இயல்பாக அமைவதில்லை. விளைச்சல் பெரிது, ஆனால் இரவில் ஒன்றுமில்லை. மேகத்தில் பத்தில் ஒரு பங்கு. எனவே சேமிப்பு வேண்டும், சேமிப்புக்கு ஆயுள் உண்டு. 2005-இல் பெர்க்லியில் சியாவ்ஃபான் ஜியாங், ஜோசஃப் பொலாஸ்ட்ரே, டேவிட் கல்லர் ஆகிய மூவரும் வெளியிட்ட 'ப்ரோமிதியஸ்' என்னும் வடிவமைப்பு இதற்குக் கண்ட தீர்வு இன்றும் எனக்குப் பிடித்தது. லித்தியம் பேட்டரி சில நூறு முறை நிரம்பி வடிந்தால் தளர்ந்துவிடும். மீமின்தேக்கி (சூப்பர்கெபாசிட்டர்) லட்சக்கணக்கான முறை தாங்கும், ஆனால் கசியும், கொள்ளளவும் குறைவு. அன்றாட வரவுசெலவை மீமின்தேக்கியிடம் விட்டுவிட்டு, அது வற்றும் நாளில் மட்டும் லித்தியத்தைத் தொடுவது என்று அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் இயங்கினால் 43 ஆண்டுகளும், பத்தில் ஒரு பங்கு என்றால் 4 ஆண்டுகளும், இடைவிடாது இயங்கினால் ஓராண்டும் வரும் என்பது அவர்களின் கணிப்பு. அதே ஆண்டின் கடைசி நான்கு மாதங்கள், 557 சோலார் கணுக்களை ஏறத்தாழ 50,000 சதுர மீட்டர் வெளியில் பரப்பி 'ட்ரையோ' என்னும் வலையமைப்பைப் பெர்க்லி ஆய்வாளர்கள் நடத்திக் காட்டினார்கள்.

வானம் பார்த்த பூமியில் விதைப்பவருக்கு ஆண்டுச் சராசரி மழையளவு சோறு போடாது. பயிர் தண்ணீர் கேட்கும் வாரத்தில் மழை பெய்ததா என்பதே அவருக்குக் கணக்கு. சோலார் கணுவை வடிவமைப்பவரும் அந்த நிலையில்தான் இருக்கிறார். ஆண்டு முழுவதும் கிடைக்கும் வெயிலைக் கூட்டி 365-ஆல் வகுத்து, அந்தச் சராசரிக்குத் தகடு வாங்கியவருடைய கணு, ஐப்பசி கார்த்திகையில் தொடர்ந்து நான்கு நாட்கள் மூட்டம் போட்டால் நின்றுவிடும். கலிஃபோர்னியாவில் அமன் கன்சால், மணி ஸ்ரீவாஸ்தவா முதலியோர் 'ஆற்றல் சமநிலை இயக்கம்' என்று ஒரு கருத்தை வகுத்தார்கள்: எந்தக் காலப்பகுதியை எடுத்துப் பார்த்தாலும் செலவு, வரவையும் கையிருப்பையும் மீறக்கூடாது; மீறும் என்று கண்டால் கணுவே தன் வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் காலப்பகுதியை எடுத்தாலும் என்ற நிபந்தனையில்தான் அதன் முழு வலிமையும் இருக்கிறது. சராசரியை அது ஏற்பதில்லை.

களத்தில் இதற்கு மேலும் வந்து சேரும் தொல்லைகளை நீட்டி எழுத விருப்பமில்லை. தூசி, பறவை எச்சம், ஆறு மாதத்தில் வளர்ந்து நிழல் கட்டும் கிளை, எல்லாம் எல்லோரும் அறிந்தவை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன், ஏனெனில் குளிர்நாட்டு ஆய்வுக்கட்டுரைகளில் அது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. நம் ஊர் மொட்டைமாடியில், சித்திரை வெயிலில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மின்தேக்கிகளின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழில்வழக்கில் உள்ள கைக்கணக்கு. பத்தாண்டு என்று அச்சிட்டிருக்கும் மீமின்தேக்கி எந்த வெப்பநிலையில் பத்தாண்டு என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. சோலார் தகட்டையும் பெட்டியையும் பிரித்து, பெட்டியைத் தகட்டின் நிழலிலேயே தொங்கவிடுவது செலவில்லாத நல்ல வழி.

வேளைப் பொருத்தத்தை நேர்மையாகக் கணக்கிட்டால், சில இடங்களில் அறுவடையே வேண்டாம் என்ற முடிவுக்கும் வரவேண்டியிருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கனமில்லாத சிஆர்2032 பொத்தான் பேட்டரியில் ஏறத்தாழ 2,400 ஜூல் இருக்கிறது. ஓராண்டுக்குப் பகிர்ந்தால் சராசரி 76 மைக்ரோவாட். கணுவின் தேவையைச் சராசரி 10 மைக்ரோவாட்டுக்குக் குறைத்துவிட்டால் காகிதத்தில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் வரும். அப்படிப்பட்ட கணுவுக்குத் தகடும், மின்னழுத்தம் உயர்த்தும் சில்லும், மீமின்தேக்கியும் சேர்ப்பது பழுதாகக்கூடிய பாகங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதாகவே முடியும். சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில், ஹோர்ன்லி முகட்டில், 3,500 மீட்டர் உயரத்தில், ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் பாறையின் வெடிப்புகளை 2008 முதல் அளந்துவரும் பெர்மாசென்ஸ் வலையமைப்பு இதற்கு நல்ல சான்று. 2003-இன் கடும் கோடையில் அங்கே பாறை சரிந்ததுதான் அந்த முயற்சிக்குத் தூண்டுதல். சூரிச்சின் ஆய்வாளர்கள் ஒவ்வொரு கணுவுக்கும், மீண்டும் மின்னேற்ற முடியாத லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி ஒன்றை மட்டும் கொடுத்து, மூன்றாண்டு தாங்கவேண்டும் என்று வடிவமைத்தார்கள். அங்கே பனி தகட்டை மூடும். உறைநிலைக்குக் கீழே சாதாரண லித்தியம் பேட்டரிக்கு மின்னேற்றக்கூடாது. சுவரைப் போல் நிற்கும் பாறையில், ஆண்டில் பல மாதங்கள் ஆற்றல் வராது என்று தெரிந்த இடத்தில், மூன்றாண்டுச் சோற்றையும் கட்டிக்கொண்டு போவதே அறிவுடைமை. பத்தாண்டுத் தரவை அவர்கள் 2019-இல் பொதுவில் வைத்தார்கள். சூழல் ஆற்றலை நேசிக்கும் ஒருவனாக இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை: அந்த முடிவு சரியானது.

வானொலி அலைகளைக் குறைத்துப் பேசினேன். ஆனால் வேளை என்ற அளவுகோலில் அவற்றுக்கு ஒரு பெருமை உண்டு. தொலைக்காட்சிக் கோபுரம் இரவிலும் மழையிலும் ஒளிபரப்பிக்கொண்டே இருக்கிறது. 2013-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஷ்யாம் கொல்லகோட்டாவும் ஜோஷுவா ஸ்மித்தும் அவர்களுடைய குழுவினரும், பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கோபுரத்தின் அலையிலிருந்தே ஆற்றலையும் எடுத்து, அதே அலையைப் பிரதிபலித்தும் பிரதிபலிக்காமலும் விட்டு, பேட்டரியில்லாத இரு கருவிகள் ஒன்றோடொன்று பேசும்படி செய்தார்கள். சொந்தமாக அலை எழுப்புவதுதான் ஒரு கணுவின் மிகப் பெரிய செலவு. அதை அடியோடு நீக்கிவிட்டார்கள் என்பதில்தான் இதன் அழகு. பேசிய தூரம் ஒரு மீட்டரைக்கூட எட்டவில்லை. 2022-இல் அதே பல்கலைக்கழகக் குழு, காற்றில் பறக்கும் சீமைக் காட்டுமுள்ளங்கி (டேன்டிலியன்) விதையின் வடிவைப் பின்பற்றி, 30 மில்லிகிராம் எடையில், சிறு சோலார் தகடுகளுடன், பேட்டரியே இல்லாமல் ஓர் உணரியைக் காற்றில் விதைத்துக் காட்டியது. அதில் சேமிப்பாக இருப்பது ஒரு சிறு மின்தேக்கி மட்டும். இருட்டினால் அது நின்றுவிடும், விடிந்தால் மீண்டும் எழும். இப்படி அடிக்கடி அணைந்து எழும் கணினிக்கு, விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியவேண்டும். மின்சாரம் போனாலும் மறக்காத எஃப்ராம் நினைவகம் கொண்ட சில்லுகள் வந்த பிறகு அந்தக் கலையும் வளர்ந்துவருகிறது.

என் மனத்துக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு தாஹிட்டித் தீவினுடையது. 1970-களில், பயிரைத் தின்னும் ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்க வெளியிலிருந்து ஒரு வேட்டை நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது தீவுக்கூட்டத்தின் பார்ட்டுலா மர நத்தை இனங்களில் பெரும்பாலானவற்றைத் தின்று தீர்த்துவிட்டது. எப்படியோ பிழைத்த சிலவற்றில் வெண்ணிற ஓடு கொண்ட பார்ட்டுலா ஹயலினாவும் ஒன்று. காட்டின் ஓரத்து வெயிலில் அது வாழ்வதும், வேட்டை நத்தையால் அந்த வெயிலைத் தாங்க முடியாததும்தான் காரணமோ என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்து உயிரியலாளர்களுக்கு ஐயம். அதே பல்கலைக்கழகத்தில் டேவிட் ப்ளாவும் டெனிஸ் சில்வெஸ்டரும் உருவாக்கியிருந்த சில மில்லிமீட்டர் அளவுள்ள கணுவை 2017-இல் தீவுக்குக் கொண்டுபோனார்கள். வேட்டை நத்தையின் ஓட்டில் அதை ஒட்டினார்கள். பாதுகாக்கப்பட்ட ஹயலினாவைத் தொடாமல், அது தங்கும் இலையின் மேலும் கீழும் வைத்தார்கள். ஒளியை அளக்கத் தனி உணரி எதுவும் தேவைப்படவில்லை. சோலார் தகடு பேட்டரியை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதே ஒளியின் அளவாயிற்று. வேட்டை நத்தை தாங்குவதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியில் ஹயலினா வாழ்கிறது என்பது 2021-இல் வெளியாயிற்று. ஆற்றல் வரும் வழியும் அளக்கும் வழியும் இங்கே ஒன்றாகிவிட்டன. இதைவிட நெருக்கமான பொருத்தம் இருக்க முடியாது.

இப்போது, பொருத்தம் முற்றிலும் தலைகீழாக இருக்கும் இடத்துக்கு வருகிறேன்: மேற்குத் தொடர்ச்சி மலையின் நிலச்சரிவு. மூணாறில் அந்தோனியார் காலனி என்னும் குடியிருப்பின் மேலே, 2005-இல் சரிந்த சரிவில், அம்ரிதா பல்கலைக்கழகத்தின் மனீஷா ரமேஷும் அவருடைய குழுவினரும் 2008-09-இல் கம்பியில்லா உணரி வலையமைப்பை நிறுவினார்கள். மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய குழாய்களில், துளை நீரழுத்தம் ஏறுகிறதா, மண்ணடுக்கு நகர்கிறதா என்று பார்க்கும் உணரிகள். மேலே சோலார் தகட்டில் ஏறும் பேட்டரிகள். மழை ஊறஊற மண்துகள்களுக்கிடையே நீரழுத்தம் கூடுகிறது, துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கிறது, ஒரு கட்டத்தில் சரிவு இறங்கிவிடுகிறது. ஆகவே உணரி மிக அதிகமாக உழைக்கவேண்டிய நாட்கள் ஆடி மாதத்தில் வானம் இருண்டு கிடக்கும் நாட்களே. வெயில் மிகக் குறைவாக இருப்பதும் அப்போதே. மழை குறைந்த நாட்களில் அரிதாக அளந்து, எச்சரிக்கை நிலை ஏறஏற அடிக்கடி அளக்கும்படி அவர்கள் மென்பொருளை அமைத்தது இந்த முரணைச் சமாளிப்பதற்கே. நல்ல ஏற்பாடு, ஆனால் அது செலவை ஒழுங்குபடுத்துகிறது, வரவைக் கூட்டுவதில்லை.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மீது மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. அவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தார். மழையில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அதற்கு முன்பே அறுந்துபோயிருந்ததால் செய்தி வெளியே வந்ததே மறுநாள் காலையில். ஓர் உணரி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. எச்சரிக்கை மக்களைச் சென்றடைய உணரிக்கு அப்பாலும் நூறு காரியங்கள் நடந்தாகவேண்டும். ஆனால் அப்படிப்பட்ட சரிவில் வைக்கப்படும் ஒரு வலையமைப்பு, பல நாள் மூட்டத்துக்குப் பின், மின்தொகுப்பும் இல்லாத நள்ளிரவில், தன் முழு வேகத்தில் இயங்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்த இரவு எழுதிவைத்துவிட்டது. ஆண்டுச் சராசரி வெயிலைக் கொண்டு செய்யும் எந்தக் கணக்கும் அதற்கு ஈடாகாது.

மழையிலிருந்தே எடுக்க முடியாதா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழுகிறது. எழவும் வேண்டும், ஏனெனில் இந்த இடத்தில் நிகழ்வோடு சேர்ந்து வரும் ஆற்றல் மழைநீரிடம்தான் இருக்கிறது. துளி விழும் வேகத்தை, அழுத்தினால் மின்சாரம் தரும் பீசோ தகட்டால் மின்னாக்குவது பற்றிப் பல கட்டுரைகள் வருகின்றன. கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். 100 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் 100 கிலோ நீர். விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் விழுவதாகக் கொண்டால் மொத்த இயக்க ஆற்றல் 2,450 ஜூல். நண்பகல் வெயில் அதே பரப்பில் இரண்டரை விநாடியில் கொட்டிவிடும் அளவு அது, அதிலும் பெரும்பகுதி தெறித்து வீணாகும். விழுந்து முடிந்த நீர், சரிவில் திரண்டு ஓடும்போதுதான் பலம் பெறுகிறது. விநாடிக்கு ஒரு லிட்டர் நீர் ஒரு மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 வாட். தேயிலைத் தோட்டத்தின் வடிகால் வாய்க்காலில் அடைமழையின்போது இதைவிடப் பன்மடங்கு ஓடுகிறது. அதில் நூற்றில் பத்துப் பங்கை மட்டும் ஒரு சிறு சுழலி பிடித்தாலும் ஒரு வாட் கிடைக்கும். கணுக்களுக்கு அது கொள்ளாத செல்வம். வெயில் இல்லாத நாளில், இரவிலும், மழை வலுக்கவலுக்க ஆற்றலும் வலுக்கும். தடை வேறிடத்தில் இருக்கிறது: கோடை முழுதும் காய்ந்து கிடந்த சுழலி முதல் மழையிலேயே சுழலவேண்டும், அந்த முதல் மழைதான் சருகையும் சேற்றையும் அள்ளிக்கொண்டு வந்து அதை அடைக்கும். ஆளைவிட்டுத் துப்புரவு செய்யவேண்டிய கருவியை ஆள் போகமுடியாத நாட்களுக்கென வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

அதனால் என் கவனம் மழைமானியின் மீது திரும்பியிருக்கிறது. கவிழும் கிண்ண வகை மழைமானியில், 200 சதுர சென்டிமீட்டர் வாய் இருந்தால், ஒவ்வொரு 0.2 மில்லிமீட்டர் மழைக்கும் 4 கிராம் நீர் சேர்ந்து கிண்ணம் ஒருமுறை கவிழும். 2 சென்டிமீட்டர் இறங்குவதாக வைத்துக்கொண்டால் ஒரு கவிழ்வுக்கு 0.8 மில்லிஜூல். விரலால் அழுத்தும் ஸ்விட்சுக்கு நூறு இருநூறு மைக்ரோஜூல் போதுமாயிருந்தது என்பதை நினைத்தால், இதில் நாலில் ஒரு பங்கு மின்னாக மாறினாலே ஒவ்வொரு கவிழ்வும் தன் செய்தியைத் தானே அனுப்பிவிடும். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை பெய்தால் 12 விநாடிக்கு ஒரு செய்தி. மழை நின்றால் மௌனம். நிலச்சரிவு எச்சரிக்கையில் மழையளவே முதல் தகவல் என்பதால் இது சிறு பயனல்ல. இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. கிண்ணத்தின் அசைவிலிருந்து ஆற்றலை எடுத்தால் அது மெதுவாகக் கவிழும். கவிழும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராது. கனமழையில் குறைத்துக் காட்டும் பழக்கம் இவ்வகை மானிக்கு ஏற்கெனவே உண்டு, அது இன்னும் கூடும். திருத்தக் கெழு ஒன்றைச் சோதனைக்கூடத்தில் அளந்து சேர்க்கவேண்டும். அடுத்தது தூரம். இருநூறு மைக்ரோஜூலில் அனுப்பும் குறுஞ்செய்தி அருகிலிருந்து கேட்கும் நிலையத்தைத்தான் எட்டும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் லோரா என்னும் நெடுந்தூர வானொலி முறையில் பல கிலோமீட்டர் அனுப்ப, மிக மெதுவான வேகத்தில், ஒரு செய்திக்கே நூறு மில்லிஜூலுக்கு மேல் ஆகும். ஆகவே தோட்டத்துக்குள் பல மழைமானிகளும், அவை எட்டும் தூரத்தில் எப்போதும் காத்துக் கேட்டிருக்கும் ஒரு நிலையமும் வேண்டும். அந்த ஒரு நிலையத்துக்கு, மூட்டமான இரண்டு வாரங்களைத் தாங்கும் பெரிய பேட்டரியை வைத்து, கோடையிலேயே அதை நிரப்பிப் பார்த்துவிடலாம்.